வாங்க பனியன்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடினால் மன்னிப்பு உண்டு. மாப்பிள்ளை அரை மணி நேரம் பிந்தி வந்தாலும் மன்னிப்பு உண்டு. வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து முகம் மலர்ந்து ‘வாங்க’ என்று சொல்லாமல் விட்டால் மட்டும் மன்னிப்பே கிடையாது. “நான் வாசல்ல நிக்கேன், அந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு வாங்க சொல்லல” என்று பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் இருபது வருடமாக வாடகை நிலையம் நடத்துகிறவள் நான். பந்தல், அண்டா, குத்துவிளக்கு, நாற்காலி என்று விசேஷ வீட்டுக்கு வேண்டியது எல்லாம் என்னிடம் உண்டு. எத்தனையோ சொந்தங்கள் இந்த ஒரு சொல்லில் அறுந்துபோனதை, என் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் அந்தப் பனியன் சந்தைக்கு வந்ததும் நான் முந்திக்கொண்டு நாலு எடுத்துப் போட்டேன். கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. எங்கள் ஊர் ஒரே வாரத்தில் அதற்கு ‘வாங்க பனியன்’ என்று பெயர் வைத்துவிட்டது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி என் கடைக்கு வந்தது ஆடி மாதக் கடைசியில். கல்யாணம் இல்லாத மாதம். நான் நாற்காலிகளைக் கழுவி வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்கு எடைமேடையில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரியின் எடையைச் சீட்டில் அடித்துக் கொடுப்பார். லாரியோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையை அவர் தேடிப் பிடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். யாரிடம் பேசினாலும் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துத்தான் பேசுவார். இடது கை வாட்சை வலது கை திருகிக்கொண்டே இருக்கும்.

“நானூறு நாற்காலி வேணும் உலகம்மா. ஆவணி பன்னெண்டு. மகளுக்குக் கல்யாணம்.”

“எழுதிக்கிட்டேன் அண்ணாச்சி. பந்தலு?”

“அதுவும்.”

“அண்டா, குண்டான்?”

“மண்டபத்துல இருக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. போவார் என்று பார்த்தால் போகவில்லை. வாட்ச் இரண்டு சுற்று சுற்றியது.

“வேற என்னமும் வேணுமா?”

“அந்தப் பனியன் ஒண்ணு இருக்காமே” என்றார் ஈர நாற்காலியைப் பார்த்து.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த கதைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சங்கரன்கோவிலிலிருந்து அவருடைய மச்சினன் சங்கரபாண்டி வந்தான். கோமதி மதினியின் ஒரே தம்பி, பஸ் டிரைவர். முதுகில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த முதுகோடு, அக்காள் வீட்டுக்கென்று பித்தளைக் குடத்தைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் நின்றான். அண்ணாச்சி அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நான் அங்கேதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். சங்கரபாண்டி கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் குடத்தைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு வந்த வழியே நடந்தான். இந்த ஆள் இவ்வளவு மோசமா என்று நினைத்துக்கொண்டே நான் பின்கட்டுக்குப் பந்தி ஏற்பாடு பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்குப் போனவன்தான், அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பதினோரு பொங்கலுக்கும் தம்பி வீட்டிலிருந்து பொங்கப்படிச் சீர் வராமல் மதினி அடுப்படியில் அழுதது தெருவுக்கே தெரியும்.

இப்போது மகள் சுபிக்‌ஷாவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறைக்குப் போகும். அந்த மாலையைப் போட வேறு ஆள் கிடையாது.

“பத்திரிகை வச்சாச்சா?” என்று கேட்டேன்.

“நாங்க ரெண்டு பேரும் போயி வச்சோம். பாப்போம்னான்.”

“வருவாரு அண்ணாச்சி.”

“வருவான். வாசல்ல நிப்பான். நான் திரும்பவும் என்னத்தையாவது செஞ்சு தொலைப்பேன்.” ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “எனக்குச் சந்தோசம் வந்தாலே மூஞ்சியப் பாக்க முடியாது உலகம்மா. வாய் ஒட்டிக்கிடும். சின்னப்புள்ளையில இருந்தே அப்படித்தான். அதுக்கு இது ஒதவுமா?”

பனியனை எடுத்து மேஜைமேல் விரித்தேன். பார்த்தால் சாதாரண வெள்ளைப் பனியன்தான். தடவிப் பார்த்தால் தோளிலும் முதுகிலும் மெல்லிய கம்பி தட்டுப்படும்.

“இத சட்டைக்குள்ள போட்டுக்கிடணும். சட்டைப் பொத்தான்ல ஒரு கண்ணு இருக்கு. எதுக்க வாரவரு தோளு எப்படி இருக்கு, கால்விரலு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, நாடி தூக்கியிருக்கா, கைய எங்கன வச்சிருக்காரு, எல்லாத்தையும் பாத்துட்டு, காதுல மாட்டுத சின்னக் குமிழு வழியாச் சொல்லும். இவரு கோவத்துல வாராரு, கையப் பிடிங்க. இந்தம்மாவுக்கு மூட்டு வலி, மொதல்ல உக்காரச் சொல்லுங்க. அப்படி.”

“சொல்லும். நான் செய்யணும்லா?”

“அதுக்குத்தான் கம்பி. தோளப் பின்னால இழுக்கும், நாடியத் தூக்கும், கையக் கூப்ப வைக்கும், போக வேண்டிய பக்கம் இடுப்பத் திருப்பும். எதுக்க நிக்கவரவிட ஒரு விரல் அகலம் கூடுதலாத் தாழ்ந்து கும்பிடும். காதுக்குப் பின்னால ஒரு பொட்டு ஒட்டினா சிரிப்பும் தானா வரும். நீங்க பயந்தாலும் ஒடம்பு பயப்படாது.”

“இதுக்கு நம்ம ஊரு மனுசாளப் பத்தி எப்படித் தெரியும்?”

“நம்ம பக்கத்து விசேச வீட்டு வீடியோவ லட்சக்கணக்குல போட்டுக் காட்டியிருக்கான். யாரு மொறைச்சா, யாரு எதுக்குக் கோவிச்சிட்டுப் போனா, எல்லாம் அதுல இருக்குல்லா. அதப் பாத்துப் படிச்சது. கோவிச்சிட்டுப் போனவங்க எல்லாரும்தான் இதுக்கு வாத்தியாரு.”

அவர் யோசித்தார். போட்டுப் பார்க்கிறேன் என்றார். உள்ளறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து எனக்கே ஒரு நிமிடம் ஆள் யாரென்று தெரியவில்லை. நெஞ்சு நிமிர்ந்து, கண்ணுக்கு நேராகக் கண் வைத்து, இரண்டு கையும் கூப்பி, “வாங்க உலகம்மா, எத்தன நாளாச்சு பாத்து. வீட்டுல எல்லாரும் சொகமா?” என்றார். என் கடையில் நின்றுகொண்டு என்னையே வரவேற்கிறார். இருந்தாலும் எனக்கு மனசு குளிர்ந்துதான் போனது. நம்மை யாராவது அப்படி ஒரு தடவை கூப்பிட்டால் போதும், நாம் எவ்வளவு நாளாக அதற்கு ஏங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிகிறது.

அந்த நேரம் பார்த்துக் கோமதி மதினி உள்ளே வந்தார். அண்ணாச்சி திரும்பினார். பொத்தான் கண் மதினியைப் பார்த்தது. “வா கோமதி, வெயில்ல நடந்தா வந்தே? ஒரு வாய் தண்ணி குடி” என்று கைத்தாங்கலாகப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

மதினி என்னைப் பார்த்தார். “யாரு உலகம்மா இது?”

“உங்க வீட்டுக்காரருதான்.”

“இருபத்தாறு வருசமா எனக்கு வராத சிரிப்பு, ஒரு நாள் வாடகைக்கு வருதாக்கும்” என்றார் மதினி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் புருஷன் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார். “தம்பி வந்து ஒக்காந்தாச் சரி. அது வரைக்கும் இவியதான் எனக்குப் புருசன்.”

போகும்போது அண்ணாச்சி என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினார். பனியனைத் தூரத்திலிருந்து நிறுத்துகிற பொத்தான் என் கைப்பலகையில் உண்டு. “எது நடந்தாலும் சரி, அவன் வந்து நாற்காலியில உக்காருத வரைக்கும் நீ அத நிறுத்திராத.” நானும் என் பந்தல் சத்தியமாக நிறுத்த மாட்டேன் என்றேன்.

பனியனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அது வந்து இரண்டு வருடமாகிறது. முதல் வருடம் ஊரே மகிழ்ந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ராஜ உபசாரம். இரண்டாவது வருடம் சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரவேற்கிறவரைக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் முதுகைத் தடவிக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். “நல்லா கவனிச்சாவ” என்று ஒருத்தர் சொன்னால், “பனியன் வாங்கவா, சொந்த வாங்கவா?” என்று மற்றவர் கேட்பார். எல்லோரையும் ஒரே மாதிரி அழகாக வரவேற்றதில், யாருக்குமே தன்னை வரவேற்ற மாதிரி இல்லாமல் போனது. வாடகை விடுகிறவள் நான் இதைச் சொல்லக் கூடாதுதான்.

ஆவணி பன்னிரண்டு விடிந்தது. மண்டபத்து வாசலில் சின்ன டிரோன்கள் இரண்டு பன்னீர் தெளித்துக்கொண்டு பறந்தன. ஒன்று அடிக்கடி நாதஸ்வரக்காரர் மேலேயே தெளித்து அவரிடம் வசவு வாங்கியது. நான் முன் வரிசை நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவுக்குள் ஒற்றை மர நாற்காலி. கை வைத்தது, பிரம்பு பின்னியது, சாய்மானம் நேராக நெட்டுக்குத்தாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலி என் தொழில். “நானூறு நாற்காலி நான் போட்டிருக்கேன், அதுக்கு நடுவுல இது எதுக்கு அண்ணாச்சி? வரிசையே கெட்டுப்போகும்.”

“இருக்கட்டும்” என்றார். அதைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்து உள்ளே, தூணுக்குப் பின்னால் வைத்து, துண்டால் மூடினார்.

மதினியிடம் முறையிட்டேன். “அது பால் காய்ச்சின அன்னைக்கு வாங்கினது உலகம்மா. யாரையும் உக்கார விடமாட்டாவ. ஒரு துணி காயப்போட விடமாட்டாவ. மரச்சாமான்னா அவியளுக்கு அப்படி ஒரு ஆச. விடு” என்றார்.

எட்டு மணிக்குப் பனியனைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி வாசலில் நின்றார். நான் பந்தல் காலுக்குப் பக்கத்தில் கைப்பலகையோடு நின்றேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர் செய்தது பெரிய சாதனைதான். பேங்க் மானேஜரிடம் அளவாகச் சிரித்தார். வேன் பிடித்து வந்த கூட்டத்தில் கடைசியாக இறங்கிய கிழவரைத் தேடிப் போய்க் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா, சம்பந்தி வீட்டுக்காரர் என்ற முறுக்கோடு தோளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி இரண்டடி முன்னால் போய் அவர் கையைப் பிடித்தார், முறுக்கு அவிழ்ந்து மனிதர் குழந்தையாகிவிட்டார். எடைமேடையில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் மட்டும் சந்தனம் எடுக்கிற சாக்கில் திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுபிக்‌ஷா உள்ளேயிருந்து ஆள்மேல் ஆள் அனுப்பினாள். மாமா வந்தாச்சா என்பதுதான் கேள்வி. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. ரோஜா மாலை தாம்பாளத்தில் காத்திருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

சங்கரபாண்டி அப்போதுதான் தெரு முனையில் தெரிந்தான்.

தலை நரைத்திருந்தது. இப்போது பஸ் தானாகவே ஓடுகிறது, டிரைவர் என்று ஒருவர் சட்டத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கையைக் கட்டி உட்கார்ந்தே முதுகு இன்னும் மோசமாகிவிட்டது என்று கேள்வி. ஆனால் நடந்து வந்தவனைப் பார்த்தால் முதுகு வலிக்காரன் மாதிரியே இல்லை. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. முகத்தில் மலர்ச்சி. இரண்டு கையும் தூரத்திலேயே கூப்பியாயிற்று.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க மாப்ள. பதினோரு வருசமாச்சு. நீங்க வந்ததுதான் இந்தக் கல்யாணத்துக்கே அழகு” என்றார் அண்ணாச்சி. குரலில் பிசிறே இல்லை.

“வாரேன் அத்தான். நீங்க வாசல்ல நின்னு கூப்பிடுததே எனக்குப் பெரும” என்றான் சங்கரபாண்டி. அவன் குரலிலும் பிசிறு இல்லை.

அண்ணாச்சி குனிந்து கும்பிட்டார். சங்கரபாண்டி அவரைவிடச் சற்றுக் குனிந்து கும்பிட்டான். அண்ணாச்சி அதைவிடக் கொஞ்சம் குனிந்தார். அவன் இன்னும் கொஞ்சம். சுற்றியிருந்தவர்கள் முதலில் நெகிழ்ந்தார்கள். “எப்பேர்ப்பட்ட மரியாத பாத்தியளா” என்றது ஒரு குரல். இருவரும் இடுப்புவரை குனிந்த பிறகு நெகிழ்ச்சி நின்று சிரிப்பு தொடங்கியது. தலையோடு தலை முட்டுகிற மாதிரி, இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, கூப்பிய கையோடு, மாறி மாறித் தாழ்ந்துகொண்டே போனார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

நான் கைப்பலகையைப் பார்த்தேன். வாசலில் ஒரு பனியனுக்குப் பதில் இரண்டு பனியன் மின்னியது. ஒன்று என் கடையுடையது. மற்றது சங்கரன்கோவில் ஏஜெண்டுடையது.

நினைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவனுக்கும் பயம் இருந்திருக்கும். அக்காள் மகள் கல்யாணத்தில், வாசலில் பழசு ஞாபகம் வந்து முகம் கோணிவிட்டால் என்ன செய்வது என்று அவனும் ஒரு கடை வாசலில் போய் நின்றிருப்பான். எதிரில் நிற்கிறவரைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகத் தாழ்ந்து கும்பிட வேண்டும் என்று இரண்டு பனியனுக்கும் ஒரே பாடம். விட்டால் இரண்டு பேரும் தரையில் தலை வைத்த பிறகுதான் நிற்கும். அவன் முதுகு அதைத் தாங்குமா என்பது வேறு கதை.

அவனுடைய பனியனை நிறுத்த என்னால் முடியாது. என்னுடையதை நிறுத்தலாம். நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நிறுத்தினால் அண்ணாச்சி பழைய அண்ணாச்சி ஆகிவிடுவார், பதினோரு வருடத்துக்கு முன்னால் செய்ததைத் திரும்பச் செய்வார். நிறுத்தாவிட்டால் ஆபரேஷன் செய்த முதுகு என் கண் முன்னால் ஒடியும். சத்தியத்தை விடலாம், முதுகை விட முடியாது என்று பொத்தானை அழுத்தினேன்.

அண்ணாச்சியின் தோள் தொய்ந்தது. தூக்கி நின்ற நாடி இறங்கியது. மெல்ல நிமிர்ந்தார். கன்னத்தில் ஏறியிருந்த சிரிப்பு வழிந்து போயிற்று. என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை, கைவிடப்பட்ட மாதிரி இருந்தது. எதிரில் சங்கரபாண்டி நிமிர்ந்து, மாறாத மலர்ச்சியோடு நின்றான்.

அண்ணாச்சி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். வாட்சைத் திருகினார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. அப்புறம் மச்சினனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். முதுகைத் திருப்பினார். விடுவிடுவென்று மண்டபத்துக்குள் போய்விட்டார்.

கூட்டத்தில் சிரிப்பு அடங்கியது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. மதினி ஓடிப் போய்த் தம்பியின் முன்னால் நின்றார்.

“தம்பி, போயிராதல. உன் மருமவ மாலைக்கு உக்காந்திருக்கா. அவிய புத்தி அப்படி. நீ என்னப் பாரு.”

சங்கரபாண்டியின் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர். அவன் கால் தெருப் பக்கமாகத் திரும்பியது. பனியன்தான் திருப்பியிருக்க வேண்டும். அவன் அதை இழுத்துப் பிடித்துத் திரும்ப மண்டபத்துப் பக்கம் வைத்தான். வைத்ததும் அது மறுபடியும் தெருப் பக்கம் போனது.

“யக்கா, இது என்னப் போகச் சொல்லுது” என்றான்.

“எது?”

அவன் காதிலிருந்து சின்னக் குமிழைப் பிடுங்கினான். காதுக்குப் பின்னால் இருந்த பொட்டையும் பிய்த்தான். சிரிப்பு போய், களைத்த ஒரு மனிதனின் முகம் வந்தது. முதுகு கொஞ்சம் கோணலானது. இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

“உனக்கு மரியாத இல்ல, கௌரவமா வெளிய போயிருன்னு சொல்லுதுக்கா. எங்கிட்ட யாரோ முன்னாலயே இதச் சொன்ன மாதிரி இருக்கேன்னு பாத்தேன். அன்னைக்குப் பால் காய்ப்புல இதே சொல்லத்தான் கேட்டேன். அன்னைக்குக் காதுல ஒண்ணும் மாட்டல. எம் மண்டையேதான் சொல்லிச்சு.” மண்டபத்து வாசலைப் பார்த்தான். “மிசினும் எம் மண்டையும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா பேசுதே, அதான் சந்தேகமா இருக்கு. அன்னைக்கு நான் நிக்கல. இன்னைக்குக் கொஞ்சம் நின்னு பாக்கேன்.”

நாங்கள் எல்லோருமே நின்றோம். ஐயர்கூட வாசலுக்கு வந்துவிட்டார்.

உள்ளே எங்கோ மரம் தூணில் மோதுகிற சத்தம் கேட்டது. யாரோ ‘பாத்து, பாத்து’ என்றார்கள். அப்புறம் அந்த நெட்டுக்குத்துச் சாய்மானம் கதவிடுக்கில் தெரிந்தது. அதற்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். நாற்காலியைச் சங்கரபாண்டிக்கு முன்னால் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இருக்கையைத் துடைத்தார். கையைத் துடைத்தார். சாய்மானத்தைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் நாற்காலியிடம் பேசினார்.

“முதுகுக்கு நேரா இருக்கும். ஆபரேசன் பண்ணினவனுக்குச் சாயுத நாற்காலி ஆகாதுன்னு சொன்னாவ. ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது.”

“எப்பச் செஞ்சது அத்தான்?” என்றான் சங்கரபாண்டி.

“பால் காய்ப்புக்கு.” வாட்ச் சுற்றியது. “அன்னைக்கு நீ முதுகப் பிடிச்சிக்கிட்டு வாசல்ல நின்னே. உள்ள போயி இத எடுத்துட்டு வந்தேன். நீ போயிட்டே.”

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். நான் பதினோரு வருடமாக ஊரெல்லாம் சொன்ன கதை எனக்கு ஞாபகம் வந்தது. பின்கட்டுக்குப் போகாமல் இரண்டு நிமிடம் அங்கே நின்றிருந்தால் நானே பார்த்திருப்பேன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

“ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா அத்தான்” என்றான் சங்கரபாண்டி. அவன் குரல் இப்போது நன்றாகவே பிசிறடித்தது.

“நாற்காலிய வச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“என்னத்த?”

“வாங்கன்னு.”

சங்கரபாண்டிக்கு முதலில் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல அதில் உட்கார்ந்தான். சாய்ந்தான். முதுகு அதில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அவனுக்கென்றே செய்ததுதானே.

“ஒக்காந்துட்டேன். இப்பச் சொல்லுங்க.”

அண்ணாச்சி கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “வாங்க மாப்ள” என்றார். நான் எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன். அவ்வளவு மோசமாகச் சொல்லப்பட்ட வாங்கவையும் கேட்டதில்லை, அவ்வளவு நல்லதையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். முகூர்த்தத்துக்கு நாலு நிமிடம் இருந்தது. நாற்காலியோடு மணவறைக்குத் தூக்கிப் போகிறோம் என்று நாலு பேர் கிளம்பினார்கள், சங்கரபாண்டி அவர்களை விரட்டிவிட்டு நடந்தே போனான். நாற்காலியை அண்ணாச்சி பின்னாலேயே தூக்கிப் போனார். மாமன் மாலை போட்டதும் சுபிக்‌ஷா அழுது மை கலைந்து, போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பன்னீர் டிரோன் ஐயர் மேல் தெளித்தது. மறுநாள் மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுக்கும் சங்கரபாண்டி அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தான் என்று கேள்வி. மதினிதான் பரிமாறினாராம், அண்ணாச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பக்கத்தில் நின்றாராம்.

சத்தியத்தை மீறியதற்கு அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அவன் ஒக்காந்தாச்சு” என்று மட்டும் சொன்னார்.

பனியனைத் திருப்பிக் கொடுத்த பிறகு கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு படிவம் வரும். பனியன் ஒன்று சொல்லி, மனிதர்கள் வேறொன்று செய்த இடங்களுக்கெல்லாம் விளக்கம் கேட்பார்கள். அன்றைக்கு நடந்ததில் சங்கரபாண்டியின் பனியனும் என் கடைப் பனியனும் சம்பந்தப்பட்டதால் இரண்டு ஏஜெண்டுக்கும் அதே கேள்வி வந்திருந்தது. ‘வரவேற்பவர் முதுகைத் திருப்பினார். அவமதிப்பு என்று கணித்து, வெளியேறும்படி ஆலோசனை கூறப்பட்டது. விருந்தினர் வெளியேறவில்லை. காரணம் என்ன?’ கீழே மூன்று கட்டம். கருவி பழுது. விருந்தினர் கவனிக்கவில்லை. வேறு. நான் வேறு என்பதைத் தொட்டு, ‘முதுகைத் திருப்பியவர் நாற்காலி எடுக்கப் போயிருந்தார். இனிமேல் கொஞ்சம் நிற்கச் சொல்லவும்’ என்று எழுதி அனுப்பினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் பனியன்களுக்கெல்லாம் புதுப் பாடம் வந்து சேர்ந்தது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு காதுகுத்து. வீட்டுக்காரர் பெரிய காண்டிராக்டர். கோயில் கமிட்டித் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்றவர் வாசலில் வந்து நின்றதும், வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வந்தவர் போட்டிருந்தது என் கடைப் பனியன். அது அவரைப் போகச் சொல்லவில்லை. ‘பொறுங்கள், நாற்காலி எடுக்கப் போயிருக்கலாம்’ என்றது. அவரும் கூப்பிய கையோடு, மலர்ந்த முகத்தோடு வாசலிலேயே நின்றார். ஐந்து நிமிடமாயிற்று. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள், வீட்டுக்காரர் நாற்காலி எடுக்கப் போயிருக்கிறார் என்றார். காண்டிராக்டர் ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோதும் மனிதர் அசையவில்லை. பத்தாவது நிமிடம் காண்டிராக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியோடு வெளியே வந்தார். என் நாற்காலிதான்.

இப்போது எங்கள் பக்கத்தில் யாராவது முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனால், பனியன் போடாதவர்கள்கூடக் கொஞ்சம் நின்று பார்க்கிறார்கள். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே நாற்காலி எடுக்கத்தான் போயிருக்கிறார்கள். மீதிப் பேர், வாசலில் ஒருத்தர் நம்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எடுத்துவருகிறார்கள்.